‘முந்திரி புடிக்காது’ என்று சொல்லும் வீடு

அய்யா,

நீ இப்போது சேலைத் தொட்டிலில் தூங்குகிறாய். ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது. இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். உனக்குப் பெண் பார்க்கப் போகிற நாள் வந்தால், அதற்கு முந்தின நாள் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதுவரை ஏன் பொறுக்க வேண்டும், வாயால் சொல்லிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கு வாயால் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் பதில் டீச்சருக்குக் கேட்காது. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பல நாள் வராத பிள்ளையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறேன். இப்போது எனக்கு இருபது இன்னும் முடியவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் எழுதும் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் இதில் உள்ள விஷயத்தை அலட்சியமாக விட்டுவிடாதே. நான் இதைப் பயந்துகொண்டே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு. மார்கழி வந்தால் மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்கும். முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் தோல் வெடித்து அரிக்கும், அதைக் கரப்பான் என்பார்கள். குளிர் நாட்களில் பாதி நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன். போன நாளிலும் பரீட்சை எழுதும்போது என் மூச்சுச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அந்த வெட்கத்திலேயே ஒன்பதோடு நின்றுகொண்டேன். பதினெட்டு முடிந்ததும் உன் அப்பா வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அப்பா இல்லை. என் அண்ணன், உன் மாமாதான் எல்லாவற்றையும் பார்த்தது. அன்று காலையில் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தா பாரு தங்கச்சி, இளைப்பு கிளைப்புன்னு வாயைத் தொறந்துறாத. இத வெளிய சொன்னா ஒன்னய யாரு கட்டுவா? மாத்திரையப் போட்டுக்க, மெதுவா நட, மெதுவாப் பேசு,” என்றது. மெதுவாகப் பேசுவதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காபித் தட்டோடு நின்றபோது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உன் அப்பத்தா என்னைப் பார்த்துவிட்டு, அடக்கமான பிள்ளை என்று சொன்னார்கள்.

நம் வீட்டுத் தொழில் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒருவேளை நீ படிக்கும் காலத்தில் அது இல்லாமல் போயிருக்கலாம். தஞ்சாவூர் போகும் ரோட்டோரத்தில் கொட்டகை போட்டு, முந்திரிக்கொட்டையைத் தகரத்தில் வறுத்து, கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பு எடுத்து விற்கிறோம். கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. சூட்டில் அது தெறிக்கும். பட்ட இடம் கறுக்கும், கொப்பளிக்கும், உரியும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவோம். அப்படியும் இங்கே வேலை செய்கிற யார் கையைப் பார்த்தாலும் கரி போல இருக்கும். அதனால் இந்தப் பக்கத்தில் யார் உடம்பில் எது தடித்தாலும், “கொட்டை எண்ணெய் பட்டிருக்கும்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். வீடு முழுக்க முந்திரி, உன் அப்பா மட்டும் ஒரு துண்டைக்கூட வாயில் போடுவதில்லை. பாயசம் கொடுத்தால் தள்ளிவிடும். கொட்டகையில் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட, “என்னப்பா, விக்கிறவனே திங்க மாட்டேங்குறியே, நாங்க நம்பி வாங்கலாமா?” என்று கேலி செய்வார்கள். உடனே உன் அப்பத்தா முந்திக்கொண்டு, “அவனுக்கு முந்திரி புடிக்காது, பொறந்ததுலருந்து அப்படித்தான்,” என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள். எனக்கும் பாகற்காய் பிடிக்காது. அது போல என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. உன் அப்பா விடியும் முன்பே லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அவ்வளவு சீக்கிரம் ஏன் என்று நான் கேட்டதில்லை.

நீ பிறந்து மூன்றாம் மாதத்தில் உன் கன்னம் சிவந்தது. பிறகு நெற்றி, பிறகு கை மடிப்பு. என் மடிப்புகளில் இருந்த அதே இடம். அது என் கரப்பான்தான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்பத்தா, நான்தான் எண்ணெய்க் கையோடு உன்னைத் தூக்கிவிட்டேன் என்று சத்தம் போட்டார்கள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். மற்ற வீடுகளில் பிள்ளையைப் பாசிப்பயறு மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். நம் வீட்டில் விலை போகாத உடைந்த முந்திரித் துண்டுகளைப் பாலில் அரைத்துத் தேய்ப்பது வழக்கம். நிறம் கொடுக்கும், தோல் பட்டுப் போல ஆகும் என்பது அப்பத்தாவின் நம்பிக்கை. உன் தோல் வெடிக்க வெடிக்க, இன்னும் கொஞ்சம் அதிகமாக அரைத்துத் தேய்த்தார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். நீ வீறிட்டு அழுவாய். தண்ணீர் பிடிக்காத பிள்ளை என்றார்கள். பார், அங்கும் ‘பிடிக்காது’தான்.

ஐந்தாம் மாதம் புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் அப்பத்தாவும் பஸ்ஸில் போனோம். டாக்டர் ஒரு அம்மா. உன் தோலைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது வீசிங், தோல் அரிப்பு, விடாத தும்மல், ஏதாவது சாப்பிட்டு உதடு வீங்குவது என்று உண்டா என்று கேட்டார்கள். அப்பத்தா உடனே, “எங்க பக்கம் அப்படி ஒண்ணும் இல்லங்கம்மா,” என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்கள். நானும் இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் மாமியார் நிற்கும்போது வேறு என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அப்படி யாருக்கும் இல்லையென்றால் ஆறு மாதம் முடிந்ததும் ஒவ்வொன்றாக மசித்துக் கொடுத்துப் பழக்கலாம், இருந்தால் மட்டும் முட்டை, கொட்டைப் பருப்பு கொடுப்பதற்கு முன்னால் தன்னிடம் வந்து கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ‘இருந்தால்’ என்ற வார்த்தை பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. நாங்கள் சொன்ன பதிலை நம்பித்தானே அவர் உனக்கு வழி சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து உனக்கு எதைக் கொடுக்கவும் பயம். கஞ்சித் தண்ணீரும் தாய்ப்பாலுமாக ஓட்டினேன். ஒரு இட்லித் துண்டு உன் வாயில் போனால் உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்தாம் மாதத்தில் உனக்கு முடி எடுத்துக் காது குத்தும் பேச்சு வந்தது. நம் குலதெய்வம் ஆவுடையார்கோவில் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு அய்யனார். பதினோராம் மாதம் போவது என்று முடிவானது. அன்று அப்பத்தா கொட்டகையில் முதல் தரப் பருப்பாகப் பொறுக்கி, தனியே ஒரு டப்பாவில் போட்டு மூடினார்கள். எதற்கு என்று உன் அப்பாவிடம் கேட்டேன். “எனக்காக ஆத்தா வேண்டிக்கிட்டது,” என்றது. ஆத்தா என்று உன் அப்பா சொல்வது தன் அம்மாவைத்தான். சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா முந்திரி தின்று, உதடும் கண்ணும் வீங்கி, தொண்டை அடைத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்ததாம். அந்த வருஷத்து முதல் வறுவலைச் சாமிக்குப் படைக்காமல் விற்றுவிட்டதால் வந்த குற்றம் என்று அப்பத்தா நினைத்துவிட்டார்கள். மகனைக் காப்பாற்றிக் கொடு, அவனுக்குப் பிறக்கும் தலைச்சன் பிள்ளைக்கு உன் சன்னதியிலேயே எங்கள் அடுப்பு முந்திரியைப் போட்டுப் பொங்கி, தாய்மாமன் கையால் ஊட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார்களாம். முந்திரிக்காரன் மகனுக்கு முந்திரி ஆகாது என்று ஊருக்குத் தெரிந்தால் யார் வாங்குவார்கள் என்றுதான், அதன்பிறகு ‘புடிக்காது’ என்று சொல்லிவந்திருக்கிறார்கள்.

நான் அழுதேன். அழுதுகொண்டே என் இளைப்பைச் சொன்னேன். எதை நான் மறைத்தேனோ அது உன் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றேன். உன் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். “அப்ப மார்கழி பூரா கோலம் போடுறேன்னு வெளிய போயி அம்புட்டு நேரம் நின்னியே, அது இதுக்குத்தானா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். “நான் விடியக்காலம் வண்டிய எடுக்குறதும் அதுக்குத்தான் புள்ள. எந்திரிச்சா தும்மல் நிக்காது. வீட்டுல தும்முனா, போற காரியம் வெளங்காதுன்னு ஆத்தா வையும். வண்டிக்குள்ள ஒக்காந்து தும்மித் தீத்துருவேன்.” எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் நாங்கள் நிஜமாகப் பேசினோம். ஆனால் சிரித்து முடித்ததும் பயம் முன்னை விடப் பெரிதாக வந்து நின்றது. இரண்டு பக்கமும் இருக்கிறது, நடுவில் நீ இருக்கிறாய்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரி அரைத்துத் தேய்ப்பது வரை சொன்னேன். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா,” என்றார்கள். அதற்கு மேல் திட்டவில்லை. தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கு வாய்ப்பு கூடுதல், வந்தே தீரும் என்று இல்லை. எனக்கு மூச்சில் வந்தது உனக்குத் தோலில் வரலாம், அப்பாவுக்கு முந்திரியில் வந்தது உனக்கு வேறொன்றில் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆனால் தோல் இப்படி வெடித்திருக்கும்போது அதன் மேல் சாப்பிடுகிற பொருளைத் தேய்க்கக் கூடாது, வயிற்றின் வழியாகப் பழக வேண்டியது தோலின் வழியாகப் போனால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சாவூரில் சோதனை செய்துபார்க்கும் வரை முந்திரி வாயில் படவே கூடாது, அதுவும் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் கொடுத்துவிடாதீர்கள் என்றார்கள். பயந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியதற்கும் ஒரு அதட்டல் கிடைத்தது.

முந்திரி தேய்ப்பதை எப்படியோ நிறுத்தினேன். குளிப்பாட்டுவதை நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் நேர்த்திக்கடனைப் பற்றி அப்பத்தாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பா நான் சொல்கிறேன் என்றது, நாளைக்குச் சொல்கிறேன் என்றது, வேன் ஏறும் வரைக்கும் சொல்லவில்லை. வேனில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பத்தாவின் மடியில் அந்த டப்பா இருந்தது. அறந்தாங்கி தாண்டினோம், ஆவுடையார்கோவில் தாண்டினோம், பிறகு ஒரே கருவேலங்காடு. வழியில் எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியாகப் பார்த்த போர்டு பின்னால் போய் ரொம்ப நேரமாகிவிட்டது. உன்னை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தேன், நீ நெளிந்தாய்.

கோவிலில் இரண்டு பானை வைத்தார்கள். ஒன்று வெறும் வெள்ளைப் பொங்கல், இன்னொன்று சர்க்கரைப் பொங்கல். மாமா மடியில் உன்னை உட்காரவைத்து முடி எடுத்தார்கள், காது குத்தினார்கள். நீ அழுத அழுகையில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அடுப்புப் புகை என் நெஞ்சைப் பிடித்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றேன். அப்பத்தா வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்தார்கள். மேலே முழு முந்திரி, நெய்யில் மினுமினுத்தது. மாமா அதில் கொஞ்சம் எடுத்துப் பிசைந்தது. நீ அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்துகொண்டு அந்தக் கையைப் பார்த்தாய்.

“அண்ணே, குடுக்காதீங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. விசில் சத்தத்தோடு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வகுப்பில் பார்த்தது போலவே. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோனது. “எனக்கு இளைப்பு இருக்குங்க அத்தை. சின்ன வயசுலருந்தே இருக்கு. இவுகளுக்கு முந்திரி ஆகாது. புள்ளைக்கு ரெண்டும் சேந்து இருக்கலாமாம். டாக்டர் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.” மாமா தலையைக் குனிந்துகொண்டது. அப்பத்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நோயை மறைத்துக் கட்டிவைத்த வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள், அதை நான் இங்கே எழுதவில்லை. சாமி தன் மகனை என்றைக்கோ குணமாக்கிவிட்டது, சாமி கடனைத் தடுத்தால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்றார்கள்.

அப்போது உன் அப்பா எழுந்து வந்தது. “மச்சான், அந்த எலைய இங்கிட்டுக் குடுங்க,” என்று மாமா கையிலிருந்து வாங்கியது. “சாமி கொணமாக்கிருச்சுங்குற. சரி ஆத்தா. மொதல்ல நான் திங்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவனுக்கு ஊட்டு.” முந்திரியோடு ஒரு உருண்டை பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. அப்பத்தாதான் பாய்ந்தார்கள். அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டார்கள். உருண்டை மண்ணில் விழுந்தது, இலையும் விழுந்தது. “வேணாம்டா,” என்றார்கள். மகன் கையைத் தன் முந்தானையால் துடைத்தார்கள். விரல் விரலாகத் துடைத்தார்கள், நகக்கண் வரைக்கும். துடைக்கத் துடைக்க அழுகை வந்துவிட்டது. அப்பத்தாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, அய்யா. எங்கள் எல்லோரையும் விட அதிகமாகப் பயந்திருந்தவர் அவர்தான். பயத்தை வேண்டுதலாக மூடி வைத்திருந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பத்தாவே கையைக் கழுவிவிட்டு வந்து வெள்ளைப் பொங்கலில் கொஞ்சம் எடுத்து, மசித்து, மாமா கையில் கொடுத்தார்கள். பூசாரி தயங்கி நின்றார். “குடுப்பா. அய்யனாருக்குத் தெரியாததா? இங்கருந்து ஆஸ்பத்திரி எம்புட்டுத் தூரம்னும் அவருக்குத் தெரியும்,” என்றார்கள் அப்பத்தா. நீ சப்புக்கொட்டித் தின்றாய்.

அதற்குப் பிறகு தஞ்சாவூர் போனோம், நாங்கள் மூன்று பேரும் உன்னோடு. அங்கே ஒரு நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அப்பத்தா, “எம் மகனுக்கு இருக்கு. மருமகளுக்கும் இருக்கு. நல்லா எழுதிக்கங்க,” என்றார்கள். உன் கையில் சின்னச் சின்னச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தினார்கள். மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. முந்திரிச் சொட்டு வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போலத் தடித்து எழும்பி, சுற்றிலும் சிவந்தது. அப்பத்தா அந்தத் தடிப்பைப் பார்த்தார்கள், பிறகு தன் கறுத்த கைகளைப் பார்த்தார்கள். இப்போது கொட்டகையிலிருந்து வந்தால், சோப்புப் போட்டுக் கை கழுவி, சேலை மாற்றிவிட்டுத்தான் உன்னைத் தொடுகிறார்கள். உன் கன்னத்தைக் கிள்ள வருகிறவர்களைக் கை கழுவச் சொல்லி விரட்டுகிறார்கள். பெரியவனானால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், வருஷா வருஷம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் பயம் போகவில்லை, அய்யா. நாம் முந்திரியில் பிழைக்கிறவர்கள். நான் பார்க்கும் கையெல்லாம் முந்திரி உடைத்த கை. நீ வீடெல்லாம் தவழ்கிறாய். தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கிறாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் பிறந்தநாள் கேக் கொடுப்பார்கள், எந்தக் கல்யாணப் பந்தியில் யார் பாயசம் ஊற்றுவார்கள், அப்போது நான் பக்கத்தில் இருப்பேனா என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. ஆகவே நீயே சொல்லப் பழகிக்கொள். யாராவது நீட்டினால் ‘புடிக்காது’ என்று சொல்லாதே. பிடிக்காது என்றால் கொஞ்சம் தின்றுபார் என்று ஊட்டிவிடுவார்கள். ‘ஆகாது’ என்று சொல். உன் அப்பாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறது. ஒருவர்கூட நம் கொட்டகையில் வாங்குவதை நிறுத்தவில்லை.

பெண் பார்க்கப் போகும் வீட்டில் அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்கலாம். அடக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ என்னவோ. நீ முதலில் சொல்லிவிடு. எனக்கு முந்திரி ஆகாது, எங்கள் அம்மாவுக்கு இளைப்பு, அப்பாவுக்கு விடியக்காலம் தும்மல் நிற்காது என்று எல்லோர் முன்னாலும் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். நீ சொன்னால் அவளுக்கும் சொல்ல வாய் வரும். அவள் எதைச் சொன்னாலும் முகம் மாறாதே. நாளைக்கு உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘இல்லை’ என்று தலையாட்டி நிற்கக் கூடாது.

தொட்டில் அசைகிறது. எழுந்துவிட்டாய் போல. உன் உதட்டைப் பார்க்க வேண்டும், எழுந்து போகிறேன்.

உன் அம்மா